ஏலமலை ஏற்றத்துக்கு ஜிப்சியில் சூப்பர்சார்ஜர்: எதை நம்பலாம்?

சின்னமனூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2010 மாடல் மாருதி ஜிப்சி, பெட்ரோல், எம்பிஐ இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பது). சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது, வண்டி பெரும்பாலும் அங்கேயே நிற்கும், மாதம் ஒருமுறை போடிக்கு இறங்கும். டயரை 235/75 ஆர்15 அளவுக்கு மாற்றிய பிறகு தோட்டத்து ஏற்றத்தில் உரமூட்டையோடு முதல் கியரிலேயே திணறுகிறதாம். கொச்சியில் ஒருவர் இரண்டு சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வைத்திருக்கிறார், ஒன்று புது சென்ட்ரிஃபியூகல், இன்னொன்று பழைய மினி கூப்பர் எஸ் வண்டியில் கழற்றிய ஈட்டன் எம்45. எது நம்பகமானது, நடுக்காட்டில் என்னைக் கைவிடாதது எது என்று கேட்கிறார்.

தம்பி, இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் எம்45. சென்ட்ரிஃபியூகல் உங்கள் வேலைக்கு ஆகாது. ஆனால் கொச்சிக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் டயரைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் திணறலில் ஒரு நல்ல பங்கு அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி டயர் 205/70 ஆர்15, உயரம் சுமார் 67 சென்டிமீட்டர். நீங்கள் போட்டிருப்பது 73-ஐத் தாண்டும். பத்து சதவீதம் உயரம் கூடியதென்றால் ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம், இழுவை அந்த அளவுக்குக் குறையும். இதோடு மலை சேர்கிறது. போடிமெட்டு உயரத்தில், அதாவது 4,500 அடி சுமாருக்கு, காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம்தான். ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜின் கீழே 80 குதிரைத்திறன் தரும், அங்கே 68 வந்தால் பெரிது. டயரும் மலையும் சேர்ந்து சக்கரத்துக்குப் போகிற இழுவையில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தின்றுவிட்டன. இதில் டயர் தின்றதை இன்றைக்கே திருப்பி வாங்கலாம், பழைய டயரை ஒரு நாள் மாட்டி அதே ஏற்றத்தில் அதே மூட்டையோடு ஏறிப் பாருங்கள்.

அப்புறம் ஃபோர் வீல் லோ. அதைப் போட்டு ஏறினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் இரண்டாவது கியர்பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஜிப்சியில் அதன் கியர் விகிதம் ஹை 1.409, லோ 2.268. லோவுக்கு மாற்றிய உடனே அதே இன்ஜின் அதே கியரில் சக்கரத்துக்கு 1.6 மடங்கு இழுவை கொடுக்கும். ஒழுங்கான நிலையில் இருக்கும் இந்த இன்ஜினில் எந்த சூப்பர்சார்ஜரும் பாதுகாப்பாக அவ்வளவு தராது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகளைப் பாருங்கள். அறுபது சொச்சம் குதிரைத்திறன்தான், 7,900 அடி வரைக்கும் பாறை மேல் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. கீழ்ச் சுழற்சியில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, கிடைக்கும் இழுவையும் தாழ்ந்த கியரும்தான் அவற்றை ஏற்றுகின்றன.

சரி, டயரையும் லோ கியரையும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் சூப்பர்சார்ஜருக்கு வருவோம்.

சென்ட்ரிஃபியூகலை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது டர்போவின் காற்றுச் சக்கரத்தை பெல்ட்டால் சுற்றுவது மாதிரி. அதன் அழுத்தம் சுழற்சியின் இருமடிக்கு ஏற்பத்தான் ஏறும். 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) 6 பிஎஸ்ஐ கூடுதல் காற்றழுத்தம் தருகிற யூனிட் 2,000-ல் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிஎஸ்ஐகூடத் தராது. நீங்கள் மூட்டையோடு ஏறுவது 1,500-க்கும் 2,500-க்கும் இடையில். அங்கே அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் போன்றவை தரத்தில் குறைந்தவை இல்லை, நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அருமையானவை, தோட்டத்து ஏற்றம் அவற்றுக்கான இடமில்லை.

எம்45 ரூட்ஸ் வகை, உள்ளே இரண்டு ரோட்டர்கள் சுற்றும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அள்ளித் தள்ளிவிடும், அதனால் கீழ்ச் சுழற்சியிலேயே அழுத்தம் வரும். இதே குடும்பத்தில் பிந்தியது ஈட்டனின் டிவிஎஸ் ரோட்டர் (நம்ம ஊர் டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), ஆஸ்திரேலியாவின் ஹாரப்பும் அமெரிக்காவின் மேக்னசனும் பெரிய ஃபோர் வீல் வண்டிகளுக்குச் செய்யும் கிட்டுகளில் அதுதான் உள்ளே இருக்கும். ட்வின் ஸ்க்ரூ என்று இன்னொரு வகை, ஸ்ப்ரின்டெக்ஸ், விப்பிள் செய்கிறார்கள். காற்றைக் குறைவாகச் சூடாக்கும், ஆனால் ரோட்டர்களுக்கு நடுவில் இடைவெளி மிகவும் குறைவு, தூசி புகுந்தால் மன்னிக்காது. விலையும் நமக்குக் கட்டாது.

எம்45 ஒரு சுற்றுக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றைத் தள்ளும். உங்கள் 1,298 சிசி இன்ஜினில் 6 பிஎஸ்ஐ வேண்டுமென்றால், இன்ஜின் சுற்றுகிற வேகத்திலேயே ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக இதையும் சுற்றினால் போதும். மினியில் இதைவிட எவ்வளவோ வேகமாகச் சுற்றிய யூனிட் இது, ஆகவே பேரிங்குக்குப் பாரமே இல்லை. நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான், அதன் திறனில் பாதியில் ஓட விடுவது. மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சம் காற்று பின்னால் கசியும், 1,500-க்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மினியிலிருந்து வரும் எம்45-க்கு ஒரு தனி வியாதி உண்டு. அந்தக் காரில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவதே சூப்பர்சார்ஜரின் பின்பக்கப் பல்சக்கரம்தான். முன்பக்கம் ஓர் எண்ணெய் அறை, பின்பக்கம் ஓர் எண்ணெய் அறை, இரண்டும் தனித்தனி. பின்னறை எண்ணெய் வற்றிப்போய் பல் தேய்ந்த யூனிட்டுகள் நிறைய. கொச்சிக்காரரிடம் இரண்டு பக்கமும் எண்ணெயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், காய்ந்து கறுப்புப் பசையாக இருந்தாலோ மினுக்மினுக்கென்று இரும்புத்தூள் தெரிந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். கப்பியைக் கையால் சுற்றுங்கள், சொரசொரப்பு இல்லாமல் சுற்ற வேண்டும். ரோட்டர் மேல் பூச்சு உரிந்திருக்கிறதா, உறையில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அழுத்தம் தேவைப்படாதபோது காற்றைச் சுற்றி விடும் பைபாஸ் வால்வு கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் பொருத்தினால் சும்மா ஓடும்போதும் காற்றை அமுக்கிச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் வீண்.

சூட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சித்திரை வெயிலில் 35 டிகிரி காற்றை ரூட்ஸ் வகை 6 பிஎஸ்ஐக்கு அமுக்கினால் வெளியே வரும்போது 90 டிகிரியைத் தொடும். அந்தக் காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாகத் தானே வெடித்துத் தட்டுவது), நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். ஆகவே அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கட்டாயம், அதுவும் தண்ணீர் வழியாகக் குளிர்விப்பதாக இருக்கட்டும். நடை வேகத்தில் ஏறும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்றே அடிக்காது, காற்றால் குளிரும் இன்டர்கூலர் வெறும் பாரம். அதன் சின்ன ரேடியேட்டருக்குத் தனி ஃபேன் வையுங்கள், மழைக்காலத்தில் சேற்றைக் கழுவுங்கள்.

இனி பெட்ரோலும் கணினியும். சூப்பர்சார்ஜர் போட்டு இன்ஜின் போனது என்று கேள்விப்படுகிற கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி சூப்பர்சார்ஜர் இல்லை, இதுதான். உங்கள் எம்பிஐ இன்ஜின், காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்த சென்சாரைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. அந்த சென்சார் வெளிக்காற்று அழுத்தம் வரைக்கும் படிக்கும், அதற்கு மேல் 6 பிஎஸ்ஐ ஏறினாலும் அதற்குத் தெரியாது. காற்று கூடும், பெட்ரோல் கூடாது. கூடுதல் அழுத்தத்தைப் படிக்கும் 2 பார் சென்சார், அதைப் புரிந்துகொள்ளும் தனி இசியு (இன்ஜின் கணினி), பெரிய இன்ஜெக்டர், அழுத்தம் குறையாத பம்ப், காற்று-பெட்ரோல் கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்து ஒரு நாள் முழுக்க டியூனிங், இவ்வளவும் சேர்ந்ததுதான் செலவு. இதற்குப் பணம் ஒதுக்காமல் யூனிட்டை மட்டும் வாங்கி மாட்டுவதாக இருந்தால் வேண்டாம் தம்பி, நல்ல இன்ஜினைக் கொல்லாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். நாக்கிங்கைத் தாங்குவதில் அது நல்லதுதான், ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு இதில் 13.5 அளவுக்கு வந்துவிடும், இன்ஜெக்டர் கணக்கை அதற்கேற்பப் போட வேண்டும். 2010 வண்டியின் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும்.

6 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். அதுவே போடிமெட்டில் மீட்டரில் 5 என்றுதான் காட்டும், கொழுக்குமலை உயரத்தில் நாலரை. யூனிட் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம், இருக்கிற காற்றை 1.4 மடங்காக்குவதுதான் இதன் வேலை, இருப்பதே குறைவென்றால் பெருக்கியதும் குறைவாகத்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொழுக்குமலையிலும் கடல் மட்டத்து ஜிப்சியின் மூச்சைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். அதற்காக சின்னக் கப்பி போட்டு அழுத்தத்தைக் கூட்டினால், கீழே போடியில் ஓட்டும்போது இன்ஜின் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் பட்டறையில் சில வருடங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்து வண்டிக்கு ப்ளோயர், அதாவது சூப்பர்சார்ஜர், பொருத்தினேன். இடம் போதாமல் காற்று ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் தாழ வைத்துவிட்டேன். ஆனி மழையில் ஓடையைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி கனெக்டிங் ராடு வளைந்தது. என் தப்பு அது, இன்றைக்கும் உறுத்துகிறது. உங்கள் வண்டியில் காற்று கூரை உயரத்து ஸ்நார்கெல் குழாயிலிருந்து வரட்டும், நல்ல காகித ஃபில்டர் பெட்டியோடு. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டரைப் புழுதிக்காட்டில் நான் நம்புவதில்லை. அதே ஓடையில் கவனித்த இன்னொன்று, தண்ணீரும் சேறும் பட்டால் பெல்ட் வழுக்கும், பெல்ட் அறுந்தால் அதே பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் நின்றுபோகும். ஆகவே சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட், தனி டென்ஷனர். அது அறுந்தால் பைபாஸ் வழியாக இன்ஜின் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு வீடு வந்து சேரும். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். தோட்டத்துக்குள் உங்கள் சொந்த நிலத்தில் ஓடுவது வேறு, போடிமெட்டுச் சாலையில் இறங்குவது வேறு. அந்த மாதம் ஒருமுறைப் பயணத்தை பஸ்ஸுக்கோ வேறு வண்டிக்கோ மாற்ற முடியாதென்றால் சூப்பர்சார்ஜரை விட்டுவிடுங்கள், பழைய டயரோடும் லோ கியரோடும் நின்றுகொள்ளுங்கள்.

தோட்டத்தோடு சரி என்று முடிவெடுத்தால், கொச்சிக்குப் போகும் முன் உங்கள் மெக்கானிக்கிடம் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பணம் முதலில் இன்ஜின் வேலைக்குப் போகட்டும். நான்கும் ஒத்து வந்தால் அந்த எண்களையும் கிராங்க் கப்பியின் விட்டத்தையும் எழுதி அனுப்புங்கள், எம்45-க்கு எந்த அளவுக் கப்பி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.