"முழு வரியையும் படிக்க முடியவில்லை" என்று லேடெக் நின்றுவிட்டால்

ஆய்வேடு தயாரிக்கும் ஒரு வாசகரின் கேள்வி: லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் டிவிஐ என்ற இடைக்கோப்பு வழியாகத்தான் அச்சுக்கோக்கிறார், படங்கள் எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தன, பழைய விண்டோஸ் கணினியில் கிடந்த ஒரே ஒரு ஈபிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் எழுதிய) படத்தைச் சேர்த்ததும் "முழு வரியையும் படிக்க முடியவில்லை, பஃப்சைஸ் 200000, அதைக் கூட்டுங்கள்" என்று நின்றுவிடுகிறது. எவ்வளவு கூட்டலாம்?

கூட்டாதீர்கள். முதல் வேலையாக அதைச் செய்யவே வேண்டாம்.

லேடெக்குக்கு அடிப்படையான டெக் நிரல் எந்தக் கோப்பையும் வரிவரியாகத்தான் படிக்கும், ஒரு வரி முழுவதும் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்க வேண்டும், அந்த இடத்தின் அளவுதான் பஃப்சைஸ். டெக்கை உருவாக்கிய க்னூத்தின் மூல நிரலில் அது வெறும் 500. இன்று பலரும் நிறுவும் டெக் லைவ் தொகுப்பில் 2,00,000. கையால் தட்டுகிற எந்த வரியும் அவ்வளவு நீளம் போகாது. அப்படியென்றால் டெக் அங்கே படித்துக்கொண்டிருப்பது எழுத்தே இல்லை.

படத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கிராபிக்ஸ் பேக்கேஜ் ஈபிஎஸ் கோப்பைத் திறந்து படத்தின் எல்லை அளவுகளைச் சொல்லும் 'பவுண்டிங்பாக்ஸ்' வரியைத் தேடும், கிடைத்ததும் நிறுத்திவிடும். சாதாரண ஈபிஎஸ்ஸில் அது தொடக்கத்திலேயே இருக்கும், பிரச்சினையே வராது.

இப்போது உங்கள் கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் நான்கு பைட்டுகளைப் பாருங்கள். சி5 டி0 டி3 சி6 என்று இருக்கிறதா? ஈ, பி, எஸ், எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளின் மேல்பிட்டை 1 ஆக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது முன்னோட்டப் படம் சேர்த்த டாஸ் வகை ஈபிஎஸ். முதல் 30 பைட் தலைப்பு; போஸ்ட்ஸ்கிரிப்ட் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், டிஃப் என்ற பட வடிவில் உள்ள முன்னோட்டம் எங்கே என்பதெல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும். முன்னோட்டம் போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு முன்னால் வந்துவிட்டால்தான் சிக்கல். சுருக்காத டிஃப்பில் வெள்ளைப் பின்னணி என்றால் ஒரே பைட் லட்சக்கணக்கில் தொடர்ந்து வரும், நடுவில் வரிமுறிவு பைட் ஒன்றுகூட வராது, டெக்குக்கு அது மொத்தமும் ஒரே வரி. அதனால்தான் முன்னோட்டம் உள்ள இரண்டு படங்களில் ஒன்று ஓடும், இன்னொன்று மாட்டிக்கொள்ளும்.

அந்த நான்கு பைட் இல்லையென்றால் பவுண்டிங்பாக்ஸ் வரியைப் பாருங்கள். எண்களுக்குப் பதில் 'அட்எண்ட்' என்று இருந்தால் அளவு கோப்பின் கடைசியில் இருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழியில் வரி முறிக்காத படத்தரவு முழுவதையும் டெக் கடந்தாக வேண்டும்.

எளிய வழி, படத்தை ஈபிஎஸ்டுபிடிஎஃப் கருவியால் பிடிஎஃப் ஆக்கிவிட்டு, நேரடியாகப் பிடிஎஃப் தரும் பிடிஎஃப்லேடெக்குக்கு மாறுவது. டாஸ் தலைப்பை அந்தக் கருவியே புரிந்துகொண்டு போஸ்ட்ஸ்கிரிப்ட் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். டிவிஐ வழியை விட முடியாதென்றால் ஈபிஎஸ்டூல் என்ற கருவி கொண்டு போஸ்ட்ஸ்கிரிப்டை மட்டும் தனியே பிரித்துச் சேமியுங்கள், அல்லது படம் வரைந்த மென்பொருள் இன்னும் இருந்தால் முன்னோட்டம் வேண்டாம் என்று சொல்லி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். அட்எண்ட் வகைக்கு இன்னும் சுலபம்: போஸ்ட்ஸ்கிரிப்டை இயக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலின் பிபாக்ஸ் சாதனம் தரும் நான்கு எண்களை, படம் சேர்க்கும் இன்க்லூட்கிராபிக்ஸ் கட்டளையில் 'பிபி' விருப்பமாகக் கொடுத்துவிட்டால், அளவு தேடி டெக் கோப்பைத் திறக்கவே திறக்காது.

பஃப்சைஸைக் கூட்டினாலும் ஓடலாம், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும்தான். உங்கள் வழிகாட்டியின் கணினியிலும் இதழின் சர்வரிலும் பழைய அளவுதான் இருக்கும், சமர்ப்பிக்கிற நாளன்று அதே பிழை அங்கே வரும். ஏதோ ஒரு நிரல் உருவாக்கிய தரவுக் கோப்பு நிஜமாகவே ஒற்றை வரியில் இருந்து, அதை முறிக்கவும் வழியில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். அப்போதும் டெக் லைவின் டெக்ஸ்எம்எஃப்-டிஸ்ட் கோப்புறைக்குள் உள்ள அமைப்புக் கோப்பைத் தொடாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துபோகும். டெக் லைவ் நிறுவிய ஆண்டுக் கோப்புறையின் மேல்மட்டத்தில் உள்ள சிறிய டெக்ஸ்எம்எஃப் (texmf.cnf) கோப்பில் புதிய பஃப்சைஸ் அளவை ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.