ஷெயார் விழேக்க பிட்கொயின் ஏன் கூட விழுது?

கேள்வி: கனடாவில இருக்கிற அண்ணா என்ர காசில பாதியை அமெரிக்க ஷெயார்லயும் பாதியை பிட்கொயின்லயும் தன்ர பேரில போட்டு விடுறன் எண்டுறார். ஒண்டு விழுந்தா மற்றது தாங்குமாம். சரியோ? (வாசகர், சுன்னாகம்)

பதில்: தம்பி, இதை அண்ணா 2018ல சொல்லியிருந்தா நானும் ஓமெண்டிருப்பன். அந்த நேரம் பிட்கொயின் தன்பாட்டில ஏறித் தன்பாட்டில இறங்கினது. ஐஎம்எஃப் எண்ட சர்வதேச நாணய நிதியம் 2022 ஜனவரியில ஒரு கணக்கு வெளியிட்டது, பிட்கொயினும் அமெரிக்காவின்ர பெரிய கொம்பனியளின்ர ஷெயார் விலையைக் காட்டிற எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணும் நாளாந்தம் எவ்வளவு ஒத்து ஓடுது எண்டு பாத்தா 2017-19ல 0.01, 2020-21ல 0.36. 0 எண்டா சம்பந்தமே இல்லை, 1 எண்டா ரெட்டைப் பிள்ளையள் மாதிரி. 0.36 பெரிசில்லைத்தானே எண்டு நினைப்பியள், ஆனா அது சராசரி, நாங்கள் பாக்கவேண்டியது கெட்ட நாளை.

2020 மார்ச் 12, கொரோனாப் பயத்தில எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில 9.5 வீதம் விழுந்தது, அண்டைக்கே பிட்கொயின் கிட்டத்தட்ட 40 வீதம் போச்சு, பவுண் (தங்கம்) விலை கூட இறங்கினது. ஏனெண்டா கடன் வாங்கி ஷெயார் வச்சிருந்த ஆக்களிட்ட புரோக்கர் இன்னும் காசு கட்டு எண்டு நிக்கேக்க, கையில எது உடன காசாகுமோ அதைத்தான் முதல்ல விப்பினம். எங்கட வீட்டில ஆஸ்பத்திரிச் செலவு எண்டு அந்தரப்பட்டா காணியையோ விக்கிறம்? சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குத்தானே ஓடுறம், அதே கதைதான். பிட்கொயின் சனி ஞாயிறு ராத்திரி எண்டு பாராமல் திறந்து கிடக்கிற கடை, அதால அந்தரத்துக்கு விக்கிறதுக்கு அது முன்னுக்கு நிக்குது.

ரெண்டாவது காரணம் வட்டி. 2022 மார்ச்சில பூச்சியத்துக்குக் கிட்ட இருந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி டிசம்பரில 4.25-4.5 வீதத்துக்குப் போட்டுது. சும்மா டொலரை வச்சிருந்தாலே வட்டி வருதெண்டா ஆர் துணிஞ்சு ரிஸ்க் எடுக்கப் போயினம்? அந்த வருசம் தொழில்நுட்பக் கொம்பனியள் கூட இருக்கிற நாஸ்டாக் சுட்டெண் 33 வீதம், பிட்கொயின் 64 வீதம் இறங்கினது. ரெண்டையும் ஒரே காசு, ஒரே கைதான் வாங்கி விக்குது எண்டதை அதில வடிவாக் காணலாம். 2024 ஜனவரியில நேரடியா பிட்கொயினையே வச்சிருக்கிற ஈடிஎஃபுக்கு (ஷெயார் மாதிரி வாங்கி விக்கிற நிதியத்துக்கு) அமெரிக்காவில அனுமதி குடுத்த பிறகு ஷெயார் வாங்கிற கணக்கிலயே அதையும் வாங்கலாம், அந்தக் கை இன்னும் கிட்ட வந்திட்டுது.

நம்பேல்லை எண்டா நீங்களே பாருங்கோ. அமெரிக்க மார்க்கெட் எங்கட நேரம் பின்னேரம் 7 மணிக்குத் திறக்கும், அங்கை குளிர் காலமெண்டா 8 மணிக்கு. பகல் முழுக்க அசையாமல் கிடந்த பிட்கொயின் அந்த நேரம் துள்ளத் தொடங்கிறதை நான் எத்தினையோ நாள் கண்டிருக்கிறன். எங்கட ஒழுங்கையில ஒரு பெடியன் தாயின்ர காப்பை அடகு வச்சு 2021 கடைசியில வாங்கினவன், 2022 முழுக்க ராத்திரி 2 மணிக்கும் அவன்ர யன்னலில போன் வெளிச்சம் தெரியும். அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனம் பாரமாப் போகும். அண்ணாவிட்ட சொல்லுங்கோ, இது ரெண்டு கூடை இல்லை, ஒரே கூடையில ரெண்டு பக்கம். பாதியையாவது வட்டி வாற நிலையான வைப்பில விடச் சொல்லுங்கோ.

கேள்வி: அப்ப பிட்கொயின் விழுந்தா ஷெயாரும் விழுமோ? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: அந்தப் பக்கம் இழுவை குறைவு அக்கா. 2022 நவம்பரில பிட்கொயின் வாங்கி விக்கிற சந்தை நடத்தின எஃப்டிஎக்ஸ் கொம்பனி உடைஞ்ச கிழமை பிட்கொயின் 21,000 டொலரடியில இருந்து 16,000 மட்டுக்கு வந்தது, அதே கிழமை அமெரிக்காவில விலைவாசி ஏற்றம் குறையுது எண்ட செய்தி வர ஷெயார் மார்க்கெட் நல்லா ஏறினது. பிட்கொயின் மாதிரிச் சாமான்களை விக்கிற கொயின்பேஸ், அதை வாங்கிக் குவிக்கிற மைக்ரோஸ்ட்ராட்டஜி (இப்ப பேர் ஸ்ட்ராட்டஜி) போல கொம்பனியளின்ர ஷெயார்தான் அதோட சேந்து ஆடும். ஆனா பாங்க் பக்கத்தால இந்தக் கொயின்களுக்கு அடி வரும். 2023 மார்ச்சில அமெரிக்காவின்ர சிலிக்கன் வேலி பாங்க் விழேக்க, 1 டொலரில நிக்கவேண்டிய யூஎஸ்டிசி கொயின் 90 சதத்துக்குக் கீழ போனது, ஏனெண்டா அதைத் தாங்கிற டொலரில 330 கோடி அந்த பாங்கில மாட்டுப்பட்டுக் கிடந்தது.

கேள்வி: கொழும்பு ஷெயாரையும் இது பாதிக்குமோ? என்ர பாங்க் கார்ட்டால பிட்கொயின் வாங்கலாமோ? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: கொழும்பு எங்கட சொந்தக் கவலையில ஓடுற மார்க்கெட். 2022 ஏப்ரலில நாடு வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு சொல்ல, பங்குச் சந்தையை ஒரு கிழமை பூட்டியே வச்சிருந்தவை, அதுக்கும் பிட்கொயினுக்கும் சம்பந்தமில்லை. எங்களுக்கு நடுவில வாறது டொலர் விலை. அந்த வருசம் டொலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டினதால, டொலர் கணக்கில 64 வீதம் போன பிட்கொயின் ரூபாக் கணக்கில 35 வீதமளவுதான் போன மாதிரித் தெரிஞ்சது. அதைப் பாத்து இங்க கனபேர் பெரிய நட்டமில்லை எண்டு விக்காமல் இருந்தவை, போனது ரூபாயின்ர பெறுமதியும்தான் எண்டதைக் கணக்கில எடுக்கேல்லை. கார்ட் விசயம், இலங்கை பாங்க் கார்ட்டால இதுக்குக் காசு கட்ட அனுமதியில்லை எண்டு மத்திய வங்கி கனதரம் அறிவிச்சுப்போட்டுது. வாங்கித் தாறன் எண்டு காசு கேட்டு வாறவைக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.