ஐ.ஆர். பீக் வந்தால் போதுமா? கேள்வி பதில்

நார், இறால் ஓடு என்று எதையாவது வேதிமுறையில் மாற்றிவிட்டு எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியை சாம்பிள் எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம், சுருக்கமாக ஐ.ஆர்.) எடுக்கும் வடசென்னைப் பிள்ளைகள் கேட்டவை. பீக் என்பது அந்த வரைபடத்தில் உறிஞ்சல் எழும் இடம். பீக் எண்கள் எல்லாம் அலை எண்கள், செ.மீ.⁻¹ அலகில்.

வியாசர்பாடி மாணவர்: அக்கா, தென்னை நாரில் அசெட்டில் தொகுதியை ஏற்ற அதை அசெட்டிக் அன்ஹைட்ரைடில் போட்டேன். 1740-இல் பீக் வந்திருக்கிறது. எஸ்டர் உருவானது என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதே தம்பி. மாற்றாத நாரிலேயே 1735 பக்கம் பீக் இருக்கும். நாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியில் அசெட்டில் ஏற்கெனவே உண்டு. அதனால் மாற்றாத நாரையும் அதே நாளில், அதே கருவியில் எடு. நாரை விறைப்பாக்கும் லிக்னினின் 1510 பீக்கை அளவுகோலாக வைத்து இரண்டையும் ஒப்பிடு. 1740 உயர்ந்து, கூடவே 1370-உம் 1235-உம் வலுத்து, 3340 பக்கத்து ஓ.எச். பட்டை (ஹைட்ராக்சில் தொகுதியின் அகன்ற பீக்) இளைத்திருந்தால் நம்பலாம். 1820 பக்கம் ஏதாவது தெரிந்தால் அது மிச்ச அன்ஹைட்ரைடு. 1710-ஐ ஒட்டித் தோள் (பெரிய பீக்கின் பக்கவாட்டில் ஒரு புடைப்பு) தெரிந்தால் அசெட்டிக் அமிலம் தங்கியிருக்கலாம். நன்றாகக் கழுவி உலர்த்தி மறுபடி எடு. கழுவியும் நிற்கிற பீக்கைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

காசிமேடு மாணவி: இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் செய்தேன். ஓட்டிலுள்ள கைட்டின் அசெட்டில் நீங்கிக் கைட்டோசானாக மாறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கைட்டினில் 1660, 1620 என்று அமைடு பீக் இரட்டையாக இருக்கும், 1555-இல் இன்னொன்று. கைட்டோசானில் அந்த இரட்டை 1650 பக்கம் ஒன்றாகி, 1590-இல் அமீன் எழும். முதலில் 875-ஐப் பாரும்மா. அங்கே கூரான பீக் இருந்தால் ஓட்டின் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை, அமிலக் கழுவல் பத்தவில்லை. அசெட்டில் அளவைக் கணக்கிட பலரும் 1655/3450 பீக் உயர விகிதத்தைப் பிடிக்கிறார்கள். ஈரம் இருந்தால் 3450 வீங்கி, கணக்கு கெட்டுவிடும். எனக்கு 1320/1420 விகிதம்தான் பிடிக்கும். ஆனால் சுண்ணாம்பு மிச்சமிருந்தால் கார்பனேட் வந்து அந்த 1420-ஐயும் கெடுக்கும். அதனால்தான் 875-ஐ முதலில் பார்க்கச் சொன்னேன்.

ராயபுரம் மாணவர்: எந்த சாம்பிளை எடுத்தாலும் 3400, 1640 இரண்டும் வருகிறது.

தண்ணீர்தான். இங்கே கடல் காற்றில் கே.பி.ஆர். (சாம்பிளோடு சேர்த்து வில்லையாக அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு) சட்டென்று ஈரம் இழுத்துவிடும். 110 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வை, டெசிகேட்டரில் ஆறவிடு, அரைத்த உடனே அழுத்து. ஒரு மில்லிகிராம் சாம்பிளுக்கு நூறு மில்லிகிராம் கே.பி.ஆர். போதும்.

திருவொற்றியூர் மாணவி: ஒரே சாம்பிள். ஏ.டி.ஆரில் (சாம்பிளைப் படிகத்தின் மேல் அழுத்தி எடுக்கும் முறை) மட்டும் ஓ.எச். பட்டை சின்னதாகத் தெரிகிறதே?

அது இயல்புதான். ஏ.டி.ஆரில் அலை எண் கூடக் கூட ஒளி இறங்கும் ஆழம் குறையும். வைரப் படிகத்தில் 1000 பக்கம் சுமார் 2 மைக்ரான் இறங்கும், 3000 பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஏ.டி.ஆர். உயரத்தைக் கே.பி.ஆர். உயரத்தோடு ஒப்பிடாதே.

மணலி, தொழிற்சாலை ஊழியர்: மேடம், சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் பூசிய நாரில், அது நாரோடு வேதிப் பிணைப்பு கொண்டிருக்கிறதா என்று ஐ.ஆரை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா?

முடியாது சார். சிலிக்கன்-ஆக்சிஜன் பட்டை 1000 முதல் 1100 வரை வரும். செல்லுலோஸின் வலுவான சி-ஓ பட்டையும் அங்கேதான் கிடக்கிறது. மெல்லிய பூச்சு அதற்குள் மறைந்துவிடும். கரைப்பானில் நன்றாக ஊறவைத்து எடுத்த பிறகு எக்ஸ்.பி.எஸ். (மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று எக்ஸ் கதிரால் காட்டும் சோதனை) பாருங்கள், சிலிக்கன் மிஞ்சியிருக்கிறதா என்று தெரியும். பிணைப்பு எப்படிப்பட்டது என்பதற்குத் திடநிலை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேண்டும்.