ஒரு தொழில் நகரம் பல இசை வகைகளுக்குத் தாயகமாவது எப்படி?

ஒரு தொழில் நகரத்தின் இசைத் தாக்கம் என்பது, ஆலை வேலை தேடி வந்த மக்களின் வாழ்க்கையும் பாட்டும் ஒரே ஊரில் கலந்து, புதிய இசை வகைகளாக வெளியுலகுக்குப் பரவுவதாகும். இங்கிலாந்தின் பர்மிங்காமை இதற்கு மிகத் தெளிவான சான்றாகக் கொள்ளலாம்.

அடிப்படைக் காரணம் வேலைதான். வார்ப்பாலைகளும் கார் தொழிற்சாலைகளும் நிறைந்த அந்நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் தொழிலாளர்கள் குடியேறினர். ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு வீட்டின் தாளிப்பு வாசனை அடுத்த வீட்டு அடுப்படியையும் எட்டுவதைப் போல, ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமூகத்தின் இசை மற்றொன்றின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அங்கே 1975இல் ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை வாசிக்கும் ஸ்டீல் பல்ஸ் என்னும் குழு உருவானது. 1990களில் அப்பாச்சி இந்தியன் என்னும் பாடகர் ரெகேயையும் பஞ்சாபி இசையான பாங்க்ராவையும் ஒரே பாட்டில் இணைத்துப் புகழ்பெற்றார்.

ஹெவி மெட்டல் என்னும் கனத்த ராக் இசைக்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. பின்னாளில் பர்மிங்காமின் பிளாக் சபாத் என்னும் ஹெவி மெட்டல் குழுவில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, தமது 17ஆம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிட்டார் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்த அவர், பின்னர் சுருதியையும் தளர்த்தினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலியில் இதற்குப் பெரும் பங்குண்டு.

இயந்திர இரைச்சலைப் பின்பற்றியதால் மட்டுமே இத்தகைய நகரங்களில் இசை பிறந்தது என்று பலர் கருதுகின்றனர்; அப்படியானால் அதே பர்மிங்காமில் ரெகேயும் பாங்க்ராவும் வேரூன்றியதற்கு விளக்கமே இராது.