கிராவல் எடுத்த குழியில் மறுபடி கொழுக்கட்டைப் புல் வருமா?
காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது இந்தப் புல் வளரும் வேலியடைத்த மேய்ச்சல் நிலம் என்றால் வரும், மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்திருந்தால். ஆள் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. அடியில் காற்றில்லாமல் விதையும் நுண்ணுயிரும் செத்துவிடும்.

குழியின் கரையை 1 அடி இறக்கத்துக்கு 3 அடி நீளமாகச் சரித்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது குழியின் தரையில்தான். லாரி ஓடி இறுகிய தரைமேல் மண்ணைப் பரப்பினால் வேர் இறங்காது, முதல் மழையே மண்ணை வழித்துக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்காக உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம் கீறிய பிறகே மேல்மண்.

விதை ஏக்கருக்கு 3 கிலோ, ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால். பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈரமணலில் கலந்து தூவி, முள்கிளையால் லேசாக இழுத்தால் போதும். ஆழத்தில் புதைந்தால் முளைக்காது. அன்றைக்கு அறுத்த விதையும் சரிவர முளைக்காது, சில மாதம் பழையது வேண்டும். யூரியா போடாதீர்கள், பார்த்தீனியம்தான் கொழுக்கும். சீமைக்கருவேலக் கன்றை மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். முதல் விதை உதிரும்வரை ஆடுமாடு உள்ளே வரக் கூடாது.