கடலோரத்துக் காருக்கு வீட்டிலேயே புஷ் மாற்றலாமா?

கேள்வி: அண்ணே, எங்களிடம் 2003 மாடல் மாருதி 800 இருக்கிறது. குழியில் இறங்கினால் முன்பக்கம் 'கடக் கடக்' என்கிறது, பின்பக்கம் வள்ளம் மாதிரி ஆடுகிறது. சாக் அப்சார்பரையும், சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் நானே வீட்டில் மாற்றலாமா?
– பாம்பன் வாசகர்

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி, ஒரே ஒரு வேலையைத் தவிர. முன்பக்கம் சாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். அதன் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடித்துவிடும். அதனால் ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துப் புதுசு போட்டு வாங்கி வந்து மாட்டுங்கள். பின்பக்கம் சாக் தனி, ஸ்பிரிங் தனி. அதை நீங்களே மாற்றலாம். ஆனால் போல்ட்டை உருவும் முன் ஆக்ஸிலுக்குக் கீழே ஒரு ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆக்ஸில் கீழே இறங்கி, ஸ்பிரிங் இடம் விட்டு வந்துவிடும்.

நம் பக்கத்து வாசல் எல்லாம் மணல். ஜாக்கி புதைந்து சாயும். அடியில் கனமான பனம்பலகை போடுங்கள், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்ட வேண்டாம்.

அப்புறம் துரு. உப்புக் காற்றில் லோயர் ஆர்ம் போல்ட், புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்பு உள்குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். நட் கழன்றாலும் போல்ட் வராது. முதல் நாள் சாயங்காலமே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊற விடுங்கள். அடிக்க வேண்டி வந்தால் பழைய நட் ஒன்றை போல்ட் முனைக்குச் சமமாகத் திருகிவிட்டு அதன்மேல் அடியுங்கள், மரை சாகாது. புஷ், ஆர்மின் சக்கர முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் இரண்டும் போயிருந்தால் முழு ஆர்மாகவே வாங்கிவிடுவது நல்லது. புஷ் மட்டும் என்றால் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் ஏற்றித் தருவார்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே நட்டை இறுக்கினால் உள்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். புதுசு போட்டும் சத்தம் போகவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கையால் மட்டும் திருகி வையுங்கள். நான்கு சக்கரங்களையும் உறுதியான பலகைகள் மேல் இறக்கி, பானட்டை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, அந்த நிலையில் கடைசி இறுக்கு கொடுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளை மறுபடி போடாதீர்கள், புதுசு வாங்குங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கேள்வி: பின்பக்கம் ஒரு சாக்கில் மட்டும் எண்ணெய் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?
– ஏர்வாடி வாசகர்

பதில்: போதாது. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி ஒரே மாதிரி நிற்காது. பின்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் ஈர மணல் தேங்கித்தான் அங்கே முதலில் துரு பிடிக்கிறது.