மழை விட்ட மறுநாள் பாதையில் இறங்கலாமா? மவுண்டன் பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் சைக்கிளைப் பற்றியவை குறைவு, மலையிலும் காட்டிலும் அது ஓடும் பாதையைப் பற்றியவைதான் அதிகம். எனக்கு அதில் மகிழ்ச்சி. பணம் இருந்தால் நல்ல சைக்கிளை யாரும் வாங்கிவிடலாம். ஓட்ட அனுமதியுள்ள ஒரு பாதையை மட்டும் ஒரு கிளப் உழைத்துத்தான் தக்கவைத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: மழை பெய்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? எங்கள் கிளப் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மழைக்கும் இதே சண்டை.

நாள் கணக்கு வைக்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். மணலும் சரளையும் கலந்த பாதை சில மணி நேரத்திலேயே தயாராகிவிடும். லேசான ஈரத்தில் பிடிமானம்கூட நன்றாக இருக்கும். களிமண் பாதைக்கு நாள்கணக்கில் வெயில் வேண்டும். பாதையின் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். டயரில் மண் அப்பினாலோ, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது பள்ளமாகத் தடம் தெரிந்தாலோ வீட்டுக்குத் திரும்புங்கள். அந்தத் தடம் காய்ந்து இறுகிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அதன் வழியாகவே ஓடி, தடத்தை ஓடையாக அரித்துவிடும்.

காய்ந்த பாதையில் ஆங்காங்கே குட்டை இருந்தால் அதன் நடுவிலேயே மெதுவாகப் போங்கள். ஒதுங்கி ஒதுங்கிப் போனால், ஒற்றையடிப் பாதை ஒரு வருடத்தில் மாட்டுவண்டித் தடம் அளவுக்கு அகலமாகிவிடும்.

குழுச் சண்டைக்கு ஒரே வழி, முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுப்பது. பாதைக்கு அருகில் வசிப்பவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு "திறந்திருக்கிறது", "மூடியிருக்கிறது" என்று எழுதட்டும். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: சைக்கிளால்தான் பாதை கெடுகிறது என்று நடைப்பயணிகள் புகார் செய்து, எங்களைத் தடை செய்யும் நிலை வந்திருக்கிறது. என்ன பதில் சொல்வது?

அமெரிக்காவின் மோன்டானாவில் வில்சன், சீனி இருவரும் செய்து 1994இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. நனைந்த பாதைகளில் சைக்கிள் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன என்று அது காட்டியது. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்குபவர் பாதையைக் கெடுக்கத்தான் செய்கிறார். புகாரின் உண்மையான காரணமும் பெரும்பாலும் மண் அரிப்பாக இருப்பதில்லை. வளைவில் திடீரென ஒரு சைக்கிள் எதிரே பாய்ந்து வரும்போது ஏற்படும் பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு ஆய்வுத்தாள் பதிலாகாது.

அதனால் கூட்டத்துக்குத் திட்டத்தோடு போங்கள். கண்மறைவான வளைவுகளுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்படி பாதையை எப்படி நெளிக்கப் போகிறீர்கள், மணி கட்டாயமா, கூட்டம் அதிகமுள்ள நேரங்களில் எந்தப் பகுதியை விட்டுக்கொடுப்பீர்கள் என்று வரைபடத்திலேயே காட்டுங்கள்.

அரிப்புக்குப் பெரும்பாலும் பாதையின் அமைப்பே காரணம். 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மவுண்டன் பைசைக்கிளிங் சங்கம் பரப்பிய 'பாதி விதி'யை ஒவ்வொரு கிளப்பும் மனப்பாடம் செய்ய வேண்டும். பாதையின் ஏற்றம், அது குறுக்காகச் செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதை மீறினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து வெளியேறாமல், பாதையோடு சேர்ந்து இறங்கும். கூடவே பாதையின் வெளிவிளிம்பைச் சுமார் 5 சதவீதம் சாய்த்து வைக்க வேண்டும். நெடிய இறக்கத்தில் இடையிடையே சின்ன மேடு வர வேண்டும். இவை சரியாக இருந்தால் நடப்பவரும் ஓட்டுபவரும் ஒரே பாதையில் பல ஆண்டுகள் போகலாம்.

சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்பவருக்குப் பெரும்பாலான நிலங்களைத் திறந்துவிட்டது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலோ காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் பொதுவாகச் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வேறு நாட்டு விதியைக் காட்டி உங்கள் ஊர் அதிகாரியிடம் வாதாட வேண்டாம்.

கேள்வி: குறுகிய பாதையில் ஏறுபவர், இறங்குபவர் இருவரில் யார் வழிவிட வேண்டும்?

இறங்குபவர். ஏறுகிறவர் ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது கடினம். ஒரே திசைக்கென்று பலகை வைத்துள்ள பாதைகளில் மட்டும் இந்தக் கேள்வி எழாது. குதிரை வந்தால் நின்று, பேச்சுக் கொடுங்கள். எதிரில் இருப்பது மனிதர் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: முதல் பந்தயம். கிராஸ் கன்ட்ரியா, எண்டியூரோவா, டவுன்ஹில்லா?

டவுன்ஹில் வேண்டாம். மலையிலிருந்து இறங்க மட்டுமே செய்யும், சில நிமிடங்களில் முடியும் ஓட்டம்தான், ஆனால் முகம் மூடும் ஹெல்மெட்டும் அந்த வேகத்துக்கான பயிற்சியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. எண்டியூரோவில் இறக்கங்களுக்கு மட்டும்தான் நேரம் எடுப்பார்கள், இடையிலுள்ள ஏற்றங்களை நண்பர்களோடு பேசிக்கொண்டே கடக்கலாம். இறங்குவதில் நம்பிக்கை இருந்தால் அது நல்ல தொடக்கம்.

ஆனாலும் நான் கிளப் அளவிலான கிராஸ் கன்ட்ரியைத்தான் பரிந்துரைப்பேன். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்த வகை இது. ஒரே சுற்றைப் பலமுறை ஓட்டுவதால், முதல் சுற்றில் தடுமாறிய பாறையை மூன்றாம் சுற்றில் சரியாகக் கடக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு பந்தயத்துக்குள்ளேயே இவ்வளவு கற்றுத்தருவது வேறெதுவும் இல்லை. முந்தைய நாள் பாதையை நடந்தே பாருங்கள்.

பந்தயம் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். பெரிய சர்வதேசப் பந்தயங்களில் 80 சதவீத விதி உண்டு. முன்னணி வீரரின் முதல் சுற்று 15 நிமிடம் என்றால், அவரைவிட 12 நிமிடம் பின்தங்கியவரைப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். புதியவர்கள் பிரிவில் அதைக் கொண்டுவராதீர்கள். கடைசியாக வருபவரும் முடிக்கட்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் இருவர் இ-பைக் (மிதிக்கும்போது மோட்டார் உதவும் சைக்கிள்) வாங்கிவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளலாமா?

சவாரியில் தாராளமாக. ஐரோப்பிய விதிப்படியான 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் உதவும் வண்டி, இறக்கத்தில் மற்ற சைக்கிளைப் போலத்தான். ஆனால் உங்கள் அனுமதிக் கடிதத்தில் "சைக்கிள்" என்று மட்டும் இருந்தால், நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் முதலில் கேளுங்கள். பல இடங்களில் அதை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுக்கிறார்கள். சொல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் மொத்தக் கிளப்பின் அனுமதியும் போகும்.

கேள்வி: சவாரி என்றால் நாற்பது பேர் வருகிறார்கள். பாதை வேலை என்றால் ஐந்து பேர். என்ன செய்வது?

வேலையைச் சிறியதாக்குங்கள். "முழுநாள் பாதைப் பணி" என்றால் யாரும் வரமாட்டார்கள். காலை இரண்டு மணி நேரம், ஒரே ஒரு வளைவு, பிறகு அதே பாதையில் சவாரி என்று அறிவியுங்கள். தான் மண்வெட்டி பிடித்துச் சரிசெய்த வளைவில் அன்றே ஓட்டிப் பார்ப்பவர் அடுத்த முறையும் வருவார்.

அதோடு, கிளப் பந்தயத்தில் பெயர் கொடுக்க ஒரு வேலைநாளாவது வந்திருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் நான் இதில் உறுதியாக இருக்கிறேன். முடியாதவர்களுக்கு வருகைப் பதிவு, தண்ணீர், முதலுதவி என்று வேறு வேலை கொடுக்கலாம். செய்த மணி நேரங்களை எழுதி வையுங்கள். அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: எங்கள் பையன்கள் சிலர் அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஜம்ப் (சைக்கிளோடு தாவுவதற்கான மண்மேடு) கட்டிவிட்டார்கள். கண்டும் காணாமல் விடலாமா?

கூடாது. யாராவது விழுந்து அடிபடுவதற்கு முன்னால் நீங்களே நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கட்டியவர்களையே அழைத்துப்போய்ப் பிரித்துவிடுங்கள். ஆனால் பையன்களைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். யாரும் கூப்பிடாமல் மண் சுமந்தவர்கள் அவர்கள். அந்தச் சந்திப்பிலேயே ஜம்புக்கென்று தனியாக ஒரு சின்ன இடம் கேளுங்கள். ஏறும் முகப்பின் உயரம், இறங்கும் சரிவு, பயப்படுபவர் ஒதுங்கிப் போகும் மாற்றுவழி மூன்றையும் அவர்களையே வரையச் சொல்லி, அந்த வரைபடத்தோடு போங்கள்.